அகுஸ்தீன் மனந்திரும்பிய வரலாறு

திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று வாசிப்பதற்கென இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் வகுத்துள்ள நிருப பாகம், ரோமர் 13ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியாகும். ஒரு பேரறிஞரை அடியோடு மாற்றியதும் அப்பகுதியே.

அகுஸ்தீன் கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தார். அன்னை மோனிக்கா பக்தியிற் சிறந்தவர். மகனோ கார்த்தேஜ் நகரிற் கல்வி பயின்று, மானிக்கேய மதத்தை ஏறக்குறைய 9 ஆண்டுகள் பற்றி நின்றார். 384இல் மிலான் நகரில் நாவன்மை கற்பிக்கும் ஆசிரியரானார். அங்கே அம்புரோஸ் அத்தியட்சரின் பிரசங்கங்களை முதலிற் சொல்லழகுக்காகவே கேட்டார். சொல்லோடு பொருளும் உட்புகுந்தது. ஆயினும் அறிவு இணங்கிய பின்பும் மனம் இணங்கவில்லை. இளமையிலேயே கற்பொழுக்கத்தைத் தரும்படி ஜெபித்தவர், உடனே தரவேண்டாவென்றும் ஜெபித்தாராம்! நாளை நாளையென்னும் இந்நோய் மாணவராகிய எமக்கும் புதியதன்று.

386இல் ஒரு தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தவர், எடுத்து வாசிக்குமாறு ஏவும் குழந்தைக் குரலொன்றைக் கேட்டு நிருபத்தைத் திறந்தார். கண்ணிற் பட்டவை மேற்கூறிய அதிகாரத்தின் இறுதி வசனங்கள். மறு ஆண்டு உயிர்த்தெழுந்த பண்டிகையில், மகன் அதெயோதாத்துவோடு ஞானஸ்நானம் பெற்றார். அம்மகனை ஈன்ற அம்மையாரோ, பல்லாண்டு உடன் வாழ்ந்தும், வேறு மணம் பேசப்பட்டமையால் முன்னரே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். தம் வரலாற்றை விரித்தெழுதிய நூலிலும் அகுஸ்தீன் அவர் பெயரைக் குறித்தாரில்லை. இஃது எம் மனத்தை உறுத்துகின்றது.

பின்னர் ஹிப்போ நகரத்து அத்தியட்சராய் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 430இல் வண்டாலர் அந்நகரை முற்றுகையிட்டிருக்க, நோயுற்ற அவர் தாவீதின் மனந்திரும்புதற் சங்கீதங்களை எழுதுவித்துப் படுக்கையருகே சுவரில் மாட்டச் செய்தார். மருத்துவர் வரும் வேளையும் உணவு வரும் வேளையுமன்றி ஒருவரையும் உள்ளே விடவேண்டாவெனக் கேட்டுக்கொண்டு, 10 நாளளவும் அவற்றை வாசித்துக் கண்ணீர் சொரிந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்தார்.