கண்டிச் சீமையின் குரல்: மீனாட்சி அம்மாள்

நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் ஒரு பெண்கள் கல்லூரியின் மலரில், நம் மலைநாட்டுக்காகப் பாடிய ஒரு பெண்ணை நினைவுகூர்வது பொருத்தமானது. அவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் என்ற அளவில் பலருக்கும் தெரிந்தவர். ஆனால் அந்த அறிமுகத்தோடு நின்றுவிட்டால் அவருடைய பணியில் பாதியைத்தான் அறிந்தவராவோம்.

தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் இந்த மலைப்பிரதேசம் முழுவதையும் கண்டிச் சீமை என்றே அழைத்தார்கள். முதலில் கோப்பி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய பின்னர் தேயிலை. காடழித்து மலையைப் பசுமையாக்கியவர்களுக்குக் கிடைத்தது லயத்துக் காம்பராவும், கங்காணியிடம் தீராத கடனும்தான். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, அந்தக் கடனோடு சேர்த்தே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறினார்கள். தோட்டம் துரையின் தனிச்சொத்து. அனுமதியின்றி வெளியார் உள்ளே கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர் தோட்டத்து நிலைமையைக் கண்ணால் காண, புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போக வேண்டியிருந்தது.

இருவரும் பத்திரிகையையே முதல் ஆயுதமாகக் கொண்டார்கள். நடேசய்யர் நடத்திய தேசநேசனும் அதன்பின் வந்த தேசபக்தனும் தொழிலாளர் குறைகளை அச்சில் ஏற்றின. தேசபக்தனின் பணியில் மீனாட்சி அம்மாளும் பங்கெடுத்தார், பெண்களுக்காக எழுதினார். தமிழ்ப் பெண்கள் பத்திரிகையில் எழுதுவதே அரிதாயிருந்த 1920களில் நடந்தது இது.

எனினும் பத்திரிகைக்கு ஓர் எல்லை இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, பொழுதுசாயும் வரை கொழுந்து பறித்த பெண்களுள் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் பாட்டு எல்லோருக்கும் தெரியும். தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாட்டு என்று லயத்து வாழ்க்கையில் பாட்டில்லாத நாள் இல்லை. மீனாட்சி அம்மாள் இதை நன்றாக உணர்ந்திருந்தார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் புதிய சேதியை வைத்துப் பாடினார். பாரதியார் பாடல்களையும் தொழிலாளர் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தார். பத்திரிகை நுழைய முடியாத லயத்துக்குள் பாட்டு எளிதாக நுழைந்தது. காதில் விழுந்த மெட்டை வாயில் போட்டுக்கொண்டு மலையேறும் பெண்ணை எந்த அத்துமீறல் சட்டத்தாலும் தடுக்க முடியாது.

1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. அதன் கூட்டங்களில் பாடுவது மீனாட்சி அம்மாளின் பொறுப்பாயிற்று. பேச்சைக் கேட்கத் தயங்கி ஒதுங்கி நின்றவர்களையும் பாட்டு அருகே அழைத்தது. மேடையில் ஒரு பெண் நிற்பதைக் கண்ட தோட்டத்துப் பெண்கள், சங்கம் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைக் கண்ணாரக் கண்டார்கள். சங்கத்தில் சேர்ந்தவர் வேலையை இழக்கலாம், லயத்தை விட்டு விரட்டப்படலாம் என்ற காலத்தில் இது சிறிய காரியமல்ல.

அன்றைய கூலியைப் பாருங்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் அவர்களுக்கே குறைந்த கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வர 1984ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1930களின் இறுதியில் வேறொரு புயல் எழுந்தது. 1931இல் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோதே இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1940 சனவரியில் கண்டிக்கு அருகே, ஹேவாஹெட்டையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

அதே 1940இல்தான் மீனாட்சி அம்மாளின் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் பாட்டு நூல் வெளிவந்தது. இந்த மண்ணுக்காக உழைத்தவர்களை இந்த மண்ணுக்கு அந்நியர் என்று சொல்வது என்ன நீதி என்ற கேள்வியே அதன் உயிர். ஆட்சியிலிருந்தோரின் போக்கை அது அச்சமின்றிக் கண்டித்தது. சட்டம் எழுத்தில் இருந்தால் போதாது, மக்கள் ஒன்றுசேர்ந்தால்தான் அது பயன்தரும் என்பதைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொன்னது. எளிய சொற்கள், பழகிய மெட்டுகள், அன்றாடச் செய்தி; இவ்வளவுதான் அந்நூலின் அலங்காரம். சபா மண்டபத்துக்காக எழுதப்பட்ட இசையல்ல அது. கைதட்டலையோ சன்மானத்தையோ எதிர்பார்த்தும் அவர் பாடவில்லை. கொடை என்றதும் பணத்தையே நினைக்கிறோம். தம் குரலையும் காலத்தையும் ஒரு சமூகத்துக்கு முழுவதுமாகக் கொடுத்தவரும் கொடையாளியே.

நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டே மீனாட்சி அம்மாள் பாட்டில் எச்சரித்தது சட்டமாக வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் 1964க்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. நம் வகுப்பறைகளிலிருந்தும் அப்படிச் சில தோழியர் பாதியில் எழுந்து போனார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்த நீண்ட கதை ஒருவாறு முடிவுக்கு வந்தது.

மீனாட்சி அம்மாளின் பணி மறைந்துபோகாமல் காத்த பெருமை மலையக ஆய்வாளர் சாரல் நாடனைச் சேரும். நடேசய்யர் பற்றிய அவருடைய நூல்களே இவ்வம்மையாரையும் அடுத்த தலைமுறைக்கு மீட்டுத் தந்தன.

இந்த மலரை இன்று கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகளுள் பலர், கூடை சுமந்த பாட்டிமாரின் பேத்திகள். அந்தப் பாட்டிமார் எழுதப்படிக்க அறியாதிருந்தாலும் பாட்டறிந்திருந்தார்கள். அவர்களுள் யாராவது ஒருவரேனும் மீனாட்சி அம்மாளின் மெட்டை முணுமுணுத்திருப்பார். நமக்குக் கல்வி கிடைத்திருக்கிறது. மலையேறிக் கொழுந்து பறிக்கும் வீட்டிலிருந்து இன்றும் நம் கல்லூரி வாசலுக்கு வரத் துடிக்கும் சிறுமிக்கு ஒரு புத்தகமோ, ஒரு பருவத்துப் பயணச் செலவோ கொடுத்து உதவுவோமானால், அந்த அம்மையாருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பங்கைத் தீர்த்தவர்களாவோம்.