மணலை எண்ணிய ஆக்கிமிடிசு

ஆக்கிமிடிசு கி.மு. 287 அளவில் சிசிலித் தீவின் சிரக்கியூஸ் நகரில் பிறந்தார். தந்தை பைடியாசு ஒரு வானியலாளர். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிய கதையால்தான் மாணவர் பலர் இவரை அறிவர். அக்கதையோ அவர் இறந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் எழுதப்பட்டது. சுட்டிகள் அலகைக் கற்கும் நீங்கள் அறிய வேண்டியது, அரசர் கெலோனுக்காக மணலை எண்ணுவது பற்றி அவர் எழுதிய சிறு நூலையே ஆகும்.

மணற்றுணிக்கைகள் எண்ணற்றவை எனச் சிலர் அக்காலத்தில் கருதினர். கிரேக்கர் எண்களை எழுத்துகளால் எழுதினர், பூச்சியம் இல்லை, தனிப்பெயர் கொண்ட மிகப் பெரிய எண் 10,000 ஆகும். ஆக்கிமிடிசு 10,000 × 10,000 ஐ, அதாவது 10⁸ ஐ, ஒரு புதிய அலகாக எடுத்து, அதற்கு மேல் மீண்டும் மீண்டும் 10⁸ ஆல் பெருக்கி எண்களுக்குப் பெயரிட்டார்.

பின்னர் கணிப்பைத் தொடங்கினார். ஒரு கசகசா விதையின் அளவுக்குள் 10,000 துணிக்கைகளுக்கு மேல் அடங்கா எனவும், 40 விதைகளை வரிசையாக வைத்தால் ஒரு விரலகலம் எனவும் கொண்டார். எனவே ஒரு விரலகலம் விட்டமுள்ள கோளத்தில் 40³ = 64,000 விதைகள். துணிக்கைகள் 64,000 × 10,000 = 6.4 × 10⁸. இதனை 10⁹ எனக் கூட்டியே எடுத்துக்கொண்டார். விட்டம் 100 மடங்கானால் கனவளவு (10²)³ = 10⁶ மடங்காகும். ஆகவே 10⁹ × 10⁶ = 10¹⁵. இவ்வாறு படிப்படியாக ஏறி, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அரிஸ்டார்க்கசின் பரந்த அண்டத்தை நிரப்பவும் 10⁶³ இலும் குறைந்த துணிக்கைகள் போதும் எனக் காட்டினார்.

இங்கு நாம் எழுதிய சுட்டிகள் அவரிடம் இருக்கவில்லை. சுட்டியைச் சிறிதாக மேலே எழுதும் முறை 1637 இல் வெளியான டேக்கார்ட்டின் நூலின் பின்னரே பரவியது. ஆயினும் விதி அவரிடம் இருந்தது. 1, 10, 100, 1000 என்னும் பெருக்கல் விருத்தியில் உறுப்புகளின் இடத்தை எண்ணியே பெருக்கத்தின் இடத்தைக் கண்டார். 3 ஆம் உறுப்பு 100, 4 ஆம் உறுப்பு 1000. பெருக்கம் 100,000 ஆனது 7 ஆம் உறுப்பன்று, 6 ஆம் உறுப்பு. ஒன்று குறைவது ஏன்? அவர் 1 ஐ முதலாம் உறுப்பாக எண்ணினார். நாமோ அதை 10⁰ என எழுதிப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறோம்; எனவே 10² × 10³ = 10⁵ எனக் கூட்டினால் போதும். இவ்விடத்தில் 10⁶ என எழுதும் மாணவர், சுட்டி என்பது 1 இலிருந்து எத்தனை படி ஏறினோம் என்பதையே காட்டுகிறது எனக் கவனிக்கவும். 10⁰ = 1 என்பதும் அப்போது மனப்பாடமாக இராது.

கி.மு. 212 இல் உரோமப் படை சிரக்கியூசைக் கைப்பற்றியது. அவரது பொறிகள் அப்படையை நெடுநாள் தடுத்து வைத்திருந்தன. அவரைக் கொல்ல வேண்டாம் எனத் தளபதி மார்செலசு விரும்பியிருந்தும், போர்வீரன் ஒருவன் அவரைக் கொன்றான். கி.மு. 75 இல் சிசிலியில் பதவி வகித்த சிசரோ, முட்புதர்கள் மூடிக் கிடந்த அவரது கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன்மேல் ஒரு கோளமும் ஓர் உருளையும் செதுக்கப்பட்டிருந்தன.