மொட்டை மாடியில் எலும்பு காயவைத்த புரொபசர்!

போடியில ஏலக்காய் வீட்டுப் பிள்ளையா நீங்க? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. பச்சைக்காய் சுமார் 5 கிலோ உலர்ந்தா 1 கிலோ. எவ்வளவு உள்ளே போனா எவ்வளவு வெளியே வரும்னு காயை உலர்த்தும் முன்னாடியே வீட்டுல சொல்லிடுவாங்க. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில உங்களைப் படுத்தி எடுத்த ஸ்டாய்க்கியோமெட்ரியும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அந்தக் கணக்கோடு ஒரு கம்பெனியே நடத்தியவர் பிரபுல்ல சந்திர ராய். போடிமெட்டு ஏறும் உர மூட்டைகளில் சூப்பர் பாஸ்பேட்னு பார்த்திருப்பீங்களே, அதிலிருந்து அவரைப் பிடிக்கலாம்.

1861-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். சின்ன வயசில் வந்த சீதபேதி ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகவிடாமல் செய்தது. உடம்பு அப்புறமும் சரியாகத் தேறவில்லை. 1887-ல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாசம் 250 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அதே படிப்புக்கு வெள்ளைக்காரருக்குக் கிடைத்தது இதைவிட ரொம்ப அதிகம்.

மருந்தெல்லாம் கப்பலில் வந்த காலம் அது. 1892-ல் கையில் இருந்த 700 ரூபாயை வைத்து, குடியிருந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கலைத் தொடங்கினார். டானிக்குக்கு பாஸ்பேட் வேணும். அது எலும்பில் இருக்கு. கசாப்புக்கடையில் மாட்டெலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயவைத்தார். மழை பிடிச்சுக்கிச்சு. எலும்பு புழுத்தது, காக்கா தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீடுகளில் போட்டது. தெருவே சண்டைக்கு வந்துடுச்சு! அப்புறம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்கினார்.

இப்போ கணக்கு. எலும்புச் சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அதில் 310 கிலோவுக்கு 196 கிலோ கந்தக அமிலம் சேர்த்தால், கரையும் பாஸ்பேட் 234 கிலோ, கால்சியம் சல்பேட் 272 கிலோ. கூட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் 506. அமிலம் 98 கிலோதான் இருக்குன்னா? சாம்பலை மலையா குவிச்சாலும் பாதி சரக்குதான் வரும். 700 ரூபாய் முதலாளிக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லை, வயித்துப்பாடு.

சில வருஷத்தில் இதே கணக்கு தலைகீழாக உதவியது. பாதரசத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலம் ஊற்றியபோது எதிர்பாராமல் மஞ்சள் படிகம் வந்தது. அது என்ன பொருள்? கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது, எடைதான் சொல்லணும். நைட்ரேட்டாக இருந்தால், ஈரமே இல்லாவிட்டாலும் 100 கிராமில் பாதரசம் 76 கிராமைத்தான் தொடும். நைட்ரைட்டாக இருந்தால் 81. இவருடையது நைட்ரைட். 1896-ல் வெளியான மெர்க்குரஸ் நைட்ரைட் கண்டுபிடிப்பு அவர் பேரை உலகத்துக்குக் கொண்டுபோனது.

கல்யாணம் பண்ணிக்கவில்லை. 60 வயசானதும், 1921-லிருந்து, தன் சம்பளத்தைப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கே திருப்பிக் கொடுத்தார். அங்கேயே ஒரு ரூமில் மாணவர்களோடு குடியிருந்தார். 1944 ஜூன் 16 அன்று அந்த ரூமிலேயே காலமானார்.