சாயம் காட்டிய வழி

ஆய்வகத்தில் முதன்முதலாக பாக்டீரியாவுக்குச் சாயமேற்றியபோது, சாயம் ஏன் சிலவற்றில் மட்டும் பற்றுகிறது என்ற ஐயம் எனக்கு எழுந்தது. இவ்வினாவுக்கே தம் வாழ்வை ஈந்தவர் பால் எர்லிக் எனப் பின்னர் அறிந்தேன்.

1854-ஆம் ஆண்டு அன்றைய பிரஷ்யாவில் பிறந்த எர்லிக், மாணவப் பருவத்திலேயே உயிரணுக்களுக்குச் சாயமேற்றுவதில் மூழ்கினார். சாயத்தைப் போலவே மருந்தும் கிருமியின் குறிப்பிட்ட ஓரிடத்தில் பற்றினாலன்றிப் பயன் தராது என்று துணிந்தார். 1908-இல் நோய் எதிர்ப்பு ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றார். 1909-இல் அவருடைய ஆய்வகத்தில் ஜப்பானிய அறிஞர் ஹாட்டா, 606 என்னும் எண்ணுடைய ஆர்சனிக் சேர்மம் மேகநோயைத் தீர்ப்பதை முயல்களில் கண்டறிந்தார். ஆயினும் மருந்து பற்றும் இடத்தைக் காணாமலே 1915-இல் எர்லிக் மறைந்தார்.

60 ஆண்டுகள் கழித்து, 1975-இல், பிரையன் ஸ்ப்ராட் என்பார் கதிரியக்கமூட்டிய பெனிசிலினை பாக்டீரியாவின் சவ்வோடு சேர்த்தார். பிறகு சவ்வின் புரதங்களை ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் பிரித்து, பிலிமில் பதிவெடுத்தார். பெனிசிலின் பற்றிய புரதங்கள் மட்டும் கருங்கோடுகளாகத் தெரிந்தன. செல் பிரிவதற்கும் நீள்வதற்கும் வடிவம் பெறுவதற்கும் தனித்தனிப் புரதங்கள் உண்டென்பதும் புலனாயிற்று.

அக்கோடுகளைப் படத்தில் காணும்போதெல்லாம் எனக்கு எர்லிக்கின் நினைவே வருகிறது. சாயமேற்றும் எளிய பயிற்சியையும் இனி நான் அலட்சியமாகச் செய்வதற்கில்லை.