கல்வீச்சுக்குத் தப்பி லாரியில் ஓடி வந்த கதாநாயகி
மலையாள சினிமாவின் முதல் நடிகை, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்த கதை

சுசீந்திரம்,

பேய்ப் படம் பார்த்துவிட்டு ராத்திரி தனியாக வீட்டுக்குப் போகப் பயந்தவர்கள் உண்டு. ஆனால் படம் பார்க்க வந்த கூட்டத்துக்குப் பயந்து, நடித்த பெண்ணே ஊரை விட்டு ஓடிய சம்பவமும் நடந்திருக்கிறது. அவர் ஓடி வந்து சேர்ந்த இடம் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள நாகர்கோவில்.

அவர் பெயர் பி.கே.ரோசி. மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி.

புல் அறுத்த பெண்

ரோசி 1903-ம் ஆண்டு திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தார். தாழ்த்தப்பட்ட புலையர் குடும்பம். ராஜம்மா என்பதுதான் முதலில் வைத்த பெயர் என்பார்கள். சின்ன வயதிலேயே அப்பா இறந்து போனார். வீட்டில் கஷ்டம். புல் அறுத்துப் பிழைத்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு நடுவிலும் நடிப்பு ஆசை விடவில்லை. காக்காரிசி நாடகம் கற்றுக்கொண்டார். பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாட்டுப்புற நாடகம் அது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள்.

சொத்தை விற்றுப் படம்

சுசீந்திரத்தைத் தாண்டிப் போனால் அகஸ்தீஸ்வரம். அந்த ஊர்க்காரர் ஜே.சி.டேனியல். நிலபுலன் உள்ள குடும்பம். சினிமா எடுக்கும் வெறியில் சொத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் கம்பெனி தொடங்கி ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப் படத்தை எடுத்தார். டைரக்‌ஷன், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே.

கதாநாயகிக்கு ஆள் கிடைக்கவில்லை. பெண்கள் சினிமாவில் நடிப்பது மானக்கேடு என்று நினைத்த காலம். பம்பாயில் இருந்து வரவழைத்த நடிகையும் ஒத்து வரவில்லை. கடைசியில் ரோசியைப் பிடித்தார்கள். சரோஜினி என்ற நாயர் வீட்டுப் பெண் வேடம் கொடுத்தார்கள். அதுதான் வினையாகப் போனது.

தியேட்டரில் ரகளை

திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு உண்டு. தொடங்கி வைக்க வந்தவர் பெரிய வக்கீல் மள்ளூர் கோவிந்த பிள்ளை. ரோசி அங்கே இருந்தால் தொடங்கி வைக்க மாட்டேன் என்று அவர் மறுத்ததாகக் கூறப்படுகிறது. கதாநாயகி தன் படத்தின் முதல் காட்சியில் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

திரையில் கதாநாயகன், அவர் தலையில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்தது. கூட்டம் கொதித்தது. புலைச்சி எப்படி நாயர் பெண்ணாக நடிக்கலாம் என்று கூச்சல். திரை மீது கல் வீசினார்கள். திரை கிழிந்தது.

ஆத்திரம் அதோடு அடங்கவில்லை. ரோசியைத் துரத்தினார்கள். அவருடைய குடிசைக்கும் தீ வைக்கப்பட்டது.

உயிர் தப்ப ஓடிய ரோசி, ரோட்டில் வந்த ஒரு லாரியில் ஏறினார். லாரி நாகர்கோவில் பக்கம் போனது. டிரைவர் கேசவ பிள்ளை அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். பின்னர் கல்யாணமும் செய்து கொண்டார். எந்தச் சாதி வேடம் போட்டதற்காக விரட்டினார்களோ, அதே நாயர் சாதியைச் சேர்ந்தவர் அவர்.

மூடிய வாய்

அதன் பிறகு ரோசி இல்லை. ராஜம்மாள்தான் இருந்தார். மறுபடியும் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. குடும்பம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டார். பழைய கதையைப் பற்றி வாயே திறக்கலே. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட முழு விவரம் தெரியாது என்கிறார்கள். 1988-ல் காலமானார்.

டேனியலும் நொடித்துப் போனார். ஒரே படத்தோடு சினிமா முடிந்தது. பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். கடைசிக் காலத்தில் வறுமை. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் விருது கொடுத்து வருகிறது.

கோவில் தெரு திறந்தது

அந்தக் காலத்தில் இந்த மாவட்டமும் திருவிதாங்கூர் ராஜ்ஜியம்தான். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1926-லும் 1930-லும் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. அதே வருஷங்களில்தான் ரோசி கேமரா முன்னால் நின்றார். தெருவில் நடக்கவே போராட வேண்டிய காலத்தில், திரையில் நடந்து காட்டினார்.

1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் உத்தரவு போட்டார். கோவில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்குள் ரோசி பெயரையே மாற்றிக்கொண்டு மறைந்து விட்டார்.

2013-ல் ‘செல்லுலாய்டு’ என்ற மலையாளப் படம் வந்த பிறகுதான் பலருக்கும் ரோசி கதை தெரிந்தது. 2023 பிப்ரவரி 10-ந் தேதி அவர் பிறந்த நாளன்று கூகுள் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து போட்டார்கள்.

வரைந்த படம்தான். ‘விகதகுமாரன்’ பிலிம் ஒரு சுருள்கூட இன்றைக்கு இல்லை. முதல் கதாநாயகியின் முகத்தைத் திரையில் பார்க்க இனி யாருக்கும் வழியில்லை. அன்று கல்லெறிந்த கூட்டம் பார்த்த முகம் அது.