தத்துவ போதகர் துறந்த திராட்சை இரசம்

நம் ஆழ்வார்திருநகரியிலிருந்து தாமிரவருணியோடு கிழக்கே போனால் கொற்கை. அதற்கப்பால் கடல்முகத்தில் புன்னைக்காயல். யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மேற்றிசையிலிருந்து, உயர்ந்த இரசங்களையெல்லாம் விட்டுவிட்டு நம் நாட்டுக்கு வந்தவர் இராபர்ட் தெ நோபிலி சுவாமி.

அவர் 1577-ம் ஆண்டு உரோமாபுரியில் பிரபு வம்சத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தொஸ்கானா நாட்டிலுள்ள மோந்தேபுல்ச்சானோ என்னும் மலையூர். உறவினரான அர்ச். பெல்லார்மின் கர்தினால் பிறந்ததும் அவ்வூரே. சிவந்த திராட்சை இரசத்துக்கு அது பேர்போனது. 1534 முதல் 1549 வரை ஆண்ட மூன்றாம் சின்னப்பர் பாப்பரசரிடம் இரசக் கிடங்கின் பொறுப்பில் சாந்தே லான்செரியோ என்பவர் இருந்தார். ஊர் ஊராக வந்த இரசங்களைச் சுவைத்து, எந்தப் பருவத்துக்கு எது ஏற்றது என்று எழுதி வைப்பது அவர் வேலை. மோந்தேபுல்ச்சானோ இரசம் கோடைக்கும் குளிருக்கும் நல்லது, மணமும் நிறமும் சுவையும் உடையது, பிரபுக்களுக்குத் தகுந்தது என்பது அவர் தீர்ப்பு. இன்று அதற்கு வினோ நோபிலே என்று பெயர். நம் சுவாமியின் குடும்பப் பெயரால் வந்ததென்று எண்ணிவிட வேண்டாம். உயர்குலத்து இரசம் என்பதே பொருள். 1980-ல் இத்தாலிய அரசு அதற்கு மிக உயர்ந்த தரச்சான்று வழங்கிற்று.

இப்படிப்பட்ட இரசத்தை அறிந்தவர்கள் வாயில் ஊற்றி விழுங்கிவிடுவதில்லை. வெளிச்சத்தில் நிறம் பார்த்து, முகர்ந்து, நாவில் சற்றே நிறுத்திச் சுவைப்பார்கள். தனியே அருந்தினால் அதன் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். சுட்ட இறைச்சியோடும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடும் சேர்ந்தால் கொழுப்பில் துவர்ப்பு அடங்கி, பழத்தின் மணம் எழும்பும். நம் மிளகுக் குழம்போடு அது இணங்காது. காரமும் மதுவின் சூடும் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.

வீட்டார் விருப்பத்துக்கு மாறாக அவர் சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவா வந்தடைந்தார். முத்துக்குளித்துறையில் சில மாதம் தமிழ் கற்று, 1606-ல் மதுரைக்குப் போனார். அங்கே பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று மது குடிப்பவன் என்றே பொருள். அவனுடைய வேதத்தைக் கேட்பாரில்லை. ஆகவே சுவாமி காவியுடுத்து, பாதக்குறடு அணிந்து, தனிக் குடிலில் குடியேறினார். ஒரு வேளைதான் போஜனம்: சோறு, காய்கறி, பால், நெய். இறைச்சி, மீன், முட்டை, மது எதுவுமில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் திராட்சை இரசம் விலகவில்லை. திவ்விய பலிபூசைக்குத் திராட்சைப் பழத்தின் இரசமே வேண்டும்; கெட்டுப் புளித்தது உதவாது. இன்றும் நாங்கள் குருக்கள் பாத்திரத்தில் வார்க்குமுன் முகர்ந்து பார்ப்பது அதனாலேயே. பந்தியில் இரசத்தைத் தொடாதவர், பீடத்தில் சில துளிகளை மட்டும் உட்கொண்டார்.

இந்த விரதத்துக்கு விலையும் இருந்தது. பிராமணச் சமையற்காரர் சமைத்ததையே அவர் உண்டார். மதுரையில் முன்பே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியோடும், நம் கரையிலிருந்து போய் அங்கே வாழ்ந்த பரதவ கிறிஸ்தவர்களோடும் ஒரே பந்தியில் உட்கார முடியாமற்போயிற்று. ஒரு பந்திக்குள் நுழைய இன்னொரு பந்தியிலிருந்து எழுந்துபோனார் என்றே எனக்குப் படுகிறது. சாதி வேற்றுமைக்கு அவர் கொடுத்த இடம் பின்னாளில் திருச்சபைக்குள் ஆறாத புண்ணாயிற்று. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பெர்னாண்டஸ் சுவாமி 1610-ல் மேலிடத்துக்கு முறையிட்டார். உரோமையில் பெல்லார்மின் கர்தினாலே மனம் நொந்து கண்டித்து எழுதினார். விளக்கம் அறிந்தபின் ஆதரித்தார். வழக்கு நெடுநாள் நீடித்து, 1623 ஜனவரி 31-ல் பதினைந்தாம் கிரகோரியார் பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை அநுமதித்தார்.

1640-ல் மதுரையில் சிறைவாசம்; பின் யாழ்ப்பாணம்; கடைசியில் மயிலாப்பூர். பார்வை மங்கிய நிலையிலும் அங்கே எளிய குடிலில் வாழ்ந்து, பழைய சைவ போஜனத்தையே கைக்கொண்டார். 1656 ஜனவரி 16-ல் உயிர்துறந்தபோது அவருக்கு வயது 78.