உள்மனசு சொன்னா கேட்கலாமா? ஜி.டி. நாயுடு வாழ்க்கையில இருக்கு பதில்!

கோவை அவினாசி ரோட்டுல 2025-ல் திறந்த அந்த நீளமான மேம்பாலத்துக்கு யார் பேர் வெச்சிருக்காங்கன்னு தெரியும்ல? ஜி.டி. நாயுடு. சூலூர் பக்கத்துல இருக்கிற கலங்கல்தான் அவரோட சொந்த ஊர். 1893-ல் விவசாயக் குடும்பத்துல பிறந்தவர். ஸ்கூல் படிப்பு சின்ன வயசிலேயே நின்னுபோச்சு.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிட்டு வந்த மோட்டார் பைக்கைப் பார்த்தார். மனசு அதுலயே ஒட்டிக்கிச்சு. கோவைக்கு வந்து, ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த பைக்கையே வாங்கினார். ஊர் சுத்தவா? இல்லைங்க. அக்கு அக்கா கழட்டி, திரும்ப மாட்டி, அது எப்படி ஓடுதுன்னு கத்துக்கிட்டார்.

அடுத்து பருத்தி. திருப்பூர்ல ஜின்னிங் ஃபேக்டரி போட்டார். முதல் உலகப் போர் சமயத்துல நல்ல லாபம். அந்தத் தெம்புல பம்பாய் பருத்தி வியாபாரத்துல இறங்கினார். அங்கிருந்த பெரிய முதலாளிகளுக்கு ஈடுகொடுக்க முடியலை. கையில இருந்த பணம் மொத்தமும் காலி.

ஆனா, 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோட மறுபடி எழுந்தார். பொள்ளாச்சி - பழனி ரூட். டிரைவரும் அவரேதான். 1933-ல் அவர்கிட்ட சுமார் 280 பஸ்கள்! 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டாரையும் கொண்டு வந்தார்.

கவனிச்சீங்களா? அதே ஆளு, அதே துணிச்சல். பம்பாய்ல சறுக்கினது, பஸ்ல ஜெயிச்சது எப்படி? இன்ஜின் அவர் கையால கழட்டிப் பார்த்த விஷயம். ரோடு அவரே தினமும் ஓட்டின ரோடு. தப்பு பண்ணினா அன்னிக்கே தெரிஞ்சிடும். பம்பாய் சந்தையோ அடுத்தவங்க ஆட்டம். அதை உள்ளே போய்ப் பழக அவருக்கு நேரமே கிடைக்கலை.

உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமன், கேரி க்ளைன் ரெண்டு பேரும் 2009-ல் சேர்ந்து எழுதின ஆய்வுக் கட்டுரையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது: ஓரளவு ஒழுங்கா நடக்கிற துறையில, நிறைய பழகி, தப்பு சரியை உடனுக்குடன் பார்த்துக் கத்துக்கிட்டவங்களோட உள்ளுணர்வை நம்பலாம். வெறும் தன்னம்பிக்கை மட்டும் போதாது.

டீம் லீடா ஆளெடுக்கறீங்களா? வேலையை விட்டுட்டு பிசினஸ் ஆரம்பிக்கப் போறீங்களா? மனசு 'போ'ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த வண்டியை நான் எப்பவாவது கழட்டி மாட்டியிருக்கேனா? ஆமான்னா தைரியமா கிளம்புங்க. இல்லைன்னா, முதல்ல ஸ்பேனரை எடுங்க பாஸ்!